சிரிப்புக்காக விட்ட இடைவெளி: மேடைக் கோமாளி எட் வின் குணச்சித்திர நடிகரான வழி

1927இல் ஒன்று, 1930இல் ஒன்று, 1933இல் ஒன்று. எட் வின்னைக் கதாநாயகனாகப் போட்டு எடுத்த மூன்று படங்களும் எடுபடவில்லை. அப்போது அவர் சாதாரண ஆள் இல்லை. நியூயார்க்கின் பிராட்வே மேடையில் தன் பெயரை மட்டும் போட்டே அரங்கை நிரப்பக்கூடியவர். வானொலியில் வாரம் 5,000 டாலர் வாங்கியவர். அப்படியும் திரையில் பாச்சா பலிக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, எழுபதை நெருங்கும் வயதில், சினிமா அவரை மறுபடி கூப்பிட்டது. இம்முறை சிரிக்க வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை வந்தபோது அவருக்கு 73 வயது.

இதற்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: ஒவ்வொரு கோமாளிக்குள்ளும் ஓர் அழுகை ஒளிந்திருக்கிறது, வயதானதும் அது வெளியே வந்தது என்பது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எதையும் விளக்குவதில்லை. அழுகை உள்ளே இருந்தால் 1930இலும் இருந்திருக்க வேண்டுமே. வின் எந்தத் தொழிலைக் கற்றார், அதன் அளவுகள் என்ன, கேமராவுக்கு முன்னால் அதில் எது உடைந்தது, எது உடையாமல் நின்றது என்று பார்த்தால் விடை இன்னும் தெளிவாகக் கிடைக்கிறது.

ஒரு ஆளுக்கு இருபது நிமிடம்

வாட்வில் என்பது 1880களிலிருந்து 1930களின் தொடக்கம்வரை அமெரிக்க நகரங்களில் ஓடிய பல்சுவை மேடை நிகழ்ச்சி. ஒரு நிகழ்ச்சியில் எட்டு, ஒன்பது உருப்படிகள். ஒவ்வொன்றும் பத்திலிருந்து இருபது நிமிடம். பாட்டு, நடனம், வித்தை, பழக்கிய நாய், குட்டி நாடகம், நகைச்சுவைப் பேச்சு என்று எதுவும் வரலாம். ஆனால் வரிசை கண்டபடி இருக்காது. முதல் உருப்படி பெரும்பாலும் பேச்சே இல்லாத வித்தைக்காரர். ஆட்கள் இன்னும் இருக்கை தேடிக்கொண்டிருக்கும்போது வசனம் பேசி என்ன பயன்? இரண்டாவது இடம் வளர்ந்துவரும் ஆட்களுக்கு. கடைசிக்கு முந்தைய இடம்தான் நட்சத்திரத்துக்கு. கடைசி உருப்படியின்போது கூட்டம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தொடங்கிவிடும் என்பதால் அங்கே மறுபடியும் ஒரு வித்தைக்காரர்.

தனியாகப் பேசும் நகைச்சுவை நடிகருக்குப் பெரும்பாலும் மேடையின் முன்விளிம்புதான் கிடைக்கும். பின்னால் தொங்கும் திரைக்கும் பார்வையாளருக்கும் நடுவே சில அடி அகலமுள்ள ஒரு பட்டை. அவர் அங்கே நின்று பேசும்போது திரைக்குப் பின்னால் அடுத்த உருப்படிக்கான சாமான்களை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தையும் மீறி ஆளைப் பிடித்து வைக்க வேண்டும். பெரிய அரங்குகளில் நாளுக்கு இரண்டு காட்சி, சின்ன அரங்குகளில் மூன்றிலிருந்து ஐந்து. திங்கட்கிழமை மதியக் காட்சியைப் பார்த்துவிட்டு அரங்கின் மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவார். மாலைக்குள் உருப்படியின் இடம் மாறலாம், ஒரு வசனம் வெட்டப்படலாம், ஆளே வெளியே போகலாம். பல ஊர்களில் வாட்வில் அரங்குகளை நடத்திய கீத் நிறுவனத்தில் ஆபாசம் கிடக்கட்டும், லேசான வசவுக்கே வேலை போகும். முன்பதிவு அலுவலகம் சம்பளத்தில் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும்; முகவருக்கு இன்னொரு 5.

இதில் முக்கியமானது எண்ணிக்கை. நாளுக்கு இரண்டு காட்சி என்றால் வாரத்துக்கு 12 முதல் 14. வருடத்தில் 40 வாரம் வேலை கிடைத்தால் ஒரே பேச்சை, ஒரே கையசைவை, ஏறக்குறைய 500 முறை செய்கிறார். ஊர் மாறும், கூட்டம் மாறும், உருப்படி மாறாது. ஒரு நல்ல உருப்படியை வைத்துக்கொண்டு பல வருடம் பிழைத்தவர்கள் உண்டு. டைமிங் என்று நாம் சொல்வது இந்தத் திரும்பத் திரும்பச் செய்தலில் ஊறியது.

அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பஞ்ச் விழுந்ததும் சிரிப்பு எழும், உச்சத்துக்குப் போகும், பிறகு தணியும். உச்சத்திலேயே அடுத்த வரியைத் தொடங்கினால் யாருக்கும் கேட்காது. கூடவே, பேசத் தொடங்கிவிட்டார் என்று கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொள்ளும். முழுக்க அடங்கியபின் தொடங்கினால் அரங்கம் ஆறிப்போயிருக்கும், மறுபடி சூடேற்ற வேண்டும். தணியத் தொடங்கும் கணத்தில் வாயைத் திறக்க வேண்டும். அதுவரை மூன்று நொடியோ எட்டு நொடியோ நடிகர் சும்மா நிற்க முடியாது, பேசவும் முடியாது. முகமும் கையும் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அந்தச் செயல் சிரிப்பைத் தூண்டலாம், ஆனால் கலைக்கக் கூடாது. வின் இந்த இடைவெளியை நிரப்பியது விரல்களால்: காற்றில் படபடக்கும், தொப்பியைத் தொடும், ஒன்றையொன்று பிசையும். கூடவே தனக்குத்தானே ஒரு கீச்சுச் சிரிப்பு, ஏதோ சொல்ல வந்து மறந்துபோன மாதிரி ஒரு பார்வை. இந்த இடைவெளிதான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது.

தொப்பிக்காரர் மகன்

1886 நவம்பர் 9 அன்று பிலடெல்பியாவில் பிறந்தவர். வீட்டார் வைத்த பெயர் ஐசையா எட்வின் லியோபோல்ட். அப்பா பெண்களுக்கான தொப்பி செய்து விற்றவர். மகனுக்குத் தொப்பிகளை வைத்து வேடிக்கை காட்டுவது சின்ன வயதிலேயே பழக்கம். 15 வயதில் வீட்டைவிட்டு ஓடி நாடகக் குழுவில் சேர்ந்தார். நடுப்பெயரை இரண்டாக உடைத்து எட் வின் ஆனார்.

வாட்வில் காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த உருப்படி ஓர் அரசவை விதூஷகனைப் பற்றியது. ராஜா சிரிப்பதே இல்லை. சிரிக்க வைக்காவிட்டால் தலை போகும். விதூஷகன் தெரிந்த நகைச்சுவை எல்லாம் சொல்லிப் பார்க்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ராஜாவின் காதில் எதையோ கிசுகிசுக்கிறான். ராஜா விழுந்து விழுந்து சிரிக்கிறார். இந்த மாதிரிதான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று விதூஷகன் அலுத்துக்கொள்கிறான். அந்தக் கிசுகிசு என்ன என்று பார்வையாளருக்குக் கடைசிவரை கேட்காது. வின் மேடையில் அசிங்கம் பேசாதவர். மேலாளர் வெட்டுவதற்கு அங்கே வசனமே கிடையாது. அதைவிட முக்கியம், சிரிப்பு முழுக்க ஒரு மனிதன் தோற்றுக்கொண்டே இருப்பதிலிருந்து வருகிறது. 1913 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் பேலஸ் அரங்கம் திறந்தபோது முதல் நிகழ்ச்சியிலேயே அவர் இருந்தார். வாட்வில் கலைஞர்கள் உச்சமாகக் கருதிய மேடை அது.

அடுத்து தயாரிப்பாளர் ஸீக்ஃபெல்டின் ஆடம்பர ‘ஃபாலீஸ்’ நிகழ்ச்சிகள், 1914, 1915. நகைச்சுவை நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் பில்லியர்ட்ஸ் வித்தை செய்துகொண்டிருந்தபோது வின் மேசைக்கடியில் புகுந்து முகசேட்டை காட்டிச் சிரிப்பை வாங்க, ஃபீல்ட்ஸ் கோலாலேயே அவர் மண்டையில் போட்டு மயக்கமடையச் செய்தார் என்று ஒரு கதை நாடக உலகில் வழங்குகிறது. எவ்வளவு நிஜம், எவ்வளவு மசாலா என்பது வேறு விஷயம். அடுத்தவர் உருப்படியில் புகுந்து ஸ்கோர் பண்ணுவது வாட்வில் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு அது நல்ல சாட்சி. 500 முறை செய்து தேய்த்த டைமிங்கை ஒரு முகச்சுளிப்பு நாசமாக்கிவிடும்.

1919 ஆகஸ்டில் நடிகர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நாடக முதலாளிகளான ஷூபர்ட் சகோதரர்களின் நிகழ்ச்சியில் நடித்துக்கொண்டிருந்த வின் வெளியேறிச் சங்கத்தோடு நின்றார். அவர் மேடையில் தோன்றக் கூடாது என்று நீதிமன்றத் தடை வந்தது. சங்கம் நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சியில் பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுந்து, தடை இல்லையென்றால் மேடையில் என்னவெல்லாம் செய்திருப்பேன் என்று விவரித்துக் கைதட்டல் வாங்கினார். வேலைநிறுத்தம் செப்டம்பர் 6இல் முடிந்தாலும் முதலாளிகள் அவருக்குக் கதவைச் சாத்தினார்கள். அவரே எழுதி, அவரே தயாரித்து, அவரே நடிக்கத் தொடங்கினார். 1920இல் ‘எட் வின்’ஸ் கார்னிவல்’, 1921இல் ‘தி பெர்ஃபெக்ட் ஃபூல்’. இரண்டாவதன் பெயர் அவர் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது.

இந்த நிகழ்ச்சிகளில் அவர் கதாபாத்திரம் எதையும் நடிப்பதில்லை. பொருந்தாத கோட்டு, சின்னத் தொப்பி, பெரிய ஷூ, வட்டக் கண்ணாடி. பாட்டுக்கும் நடனத்துக்கும் நடுவே வந்து பார்வையாளரிடம் அளப்பார். தான் கண்டுபிடித்த கருவிகளைக் காட்டுவார். சோளக்கதிரைத் தட்டச்சுப் பொறியின் உருளைபோல் பொருத்தியிருப்பார்: ஒரு வரிசை கடித்து முடித்ததும் மணி அடிக்கும், தள்ளிவிட்டு அடுத்த வரிசை. பம்ப்ளிமாஸ் சாப்பிடும்போது சாறு கண்ணில் தெறிக்காமலிருக்க வைப்பர் பொருத்திய மூக்குக் கண்ணாடி. 1930இல் ‘சிம்பிள் சைமன்’ என்ற இசை நாடகத்தில் சைக்கிளோடு இணைத்த குட்டிப் பியானோவை மிதித்துக்கொண்டு வந்தார், பாடகி ரூத் எட்டிங் அதன்மேல் உட்கார்ந்திருக்க. கருவியைவிட, அதை அவர் விளக்கும்போது முகத்தில் தெரிந்த பெருமிதமும், அது வேலை செய்யுமா என்ற லேசான சந்தேகமும்தான் வேடிக்கை. வேடிக்கையானதைச் சொல்பவன் நகைச்சுவையாளன் அல்ல, எதையும் வேடிக்கையாகச் சொல்பவனே நகைச்சுவையாளன் என்ற கருத்து இவர் பெயரில்தான் வழங்குகிறது.

காது இல்லாத பெட்டி

1922 பிப்ரவரியில் ‘தி பெர்ஃபெக்ட் ஃபூல்’ நிகழ்ச்சி நியூவார்க்கிலிருந்த டபிள்யூஜேஇஸட் வானொலி நிலையத்திலிருந்து ஒலிபரப்பானது. வின் பேசினார். சிரிப்பு வரவில்லை. வருவதற்கு அங்கே ஆளே இல்லை. வாய் உலர்ந்துபோக, நிலையத்தில் வேலை செய்தவர்களை, துப்புரவுப் பணியாளர் உட்பட, கையில் கிடைத்தவர்களை எல்லாம் கூட்டிவந்து உட்கார வைத்தபின்தான் நிகழ்ச்சி நகர்ந்தது. கூச்சம் இதற்குக் காரணமில்லை. மேலே சொன்ன அளவுகோல் அவர் கையை விட்டுப் போய்விட்டது. சிரிப்பு எப்போது தணிகிறது என்று கேட்காமல் அடுத்த வரியை எங்கே தொடங்குவது?

அதனால் 1932 ஏப்ரலில் டெக்ஸகோ எண்ணெய் நிறுவனத்துக்காக ‘ஃபயர் சீஃப்’ (தீயணைப்புத் தலைவர்) என்ற வானொலி நிகழ்ச்சி தொடங்கியபோது அவர் போட்ட நிபந்தனை, நேரில் கூட்டம் வேண்டும் என்பது. வானொலிக்கு எதற்கு வேடம்? ஆனால் மேக்கப் போட்டு, உடை மாற்றி மாற்றி அந்தக் கூட்டத்துக்காக நடித்தார். எடுத்துக் கொடுக்க அறிவிப்பாளர் கிரஹாம் மெக்நேமி இருந்தார். நாடே செவ்வாய்க்கிழமை இரவுகளில் கேட்டது. ஆனால் ஒன்று: வாட்வில்லில் பத்து வருடம் ஓடியிருக்கக்கூடிய சரக்கு இங்கே ஒரே இரவில் தீர்ந்தது. அடுத்த வாரம் புதிதாக வேண்டும். 1935இல் நிகழ்ச்சி முடிந்தது. நடுவில் 1933இல் சொந்தமாக ஒரு வானொலி வலையமைப்பு தொடங்கி, அது சில வாரங்களிலேயே படுத்து, கையிலிருந்த பணத்தையும் தின்றது.

இனி அந்த மூன்று படங்கள். 1927இல் வந்த ‘ரப்பர் ஹீல்ஸ்’ மௌனப் படம். பேச்சால் பிழைத்தவரின் வாயைக் கட்டிவிட்டு எடுத்தது, அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1930இன் ‘ஃபாலோ த லீடர்’ அவருடைய மேடை வெற்றியான ‘மன்ஹாட்டன் மேரி’யிலிருந்து எடுத்த பேசும் படம். 1933இன் ‘தி சீஃப்’ வானொலிப் பெயரைக் காசாக்கப் பார்த்தது. பேசும் படத்தில் அவர் ஏன் தோற்றார்?

முதல் காரணம் வானொலியில் பார்த்ததேதான். கேமராவுக்குக் காது இல்லை. மேடையில் இடைவெளியின் நீளத்தைக் கூட்டம் தீர்மானிக்கிறது. படத்தில் படத்தொகுப்பாளர் தீர்மானிக்கிறார், அதுவும் பல வாரம் முன்பே. இடைவெளி விட்டால் பாதி காலி அரங்கில் அது செத்த நேரமாகத் தெரியும். விடாவிட்டால் நிறைந்த அரங்கில் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கும். இந்தச் சிக்கலுக்கு நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் ஒரு வழி கண்டார்கள்: ‘எ நைட் அட் த ஆப்பரா’ படத்தின் காட்சிகளைப் படமாக்கும் முன்பே ஊர் ஊராக மேடையில் நடித்து, எந்த வரிக்கு எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அளந்துகொண்டார்கள். வின்னுக்கு அப்படி யாரும் செய்து கொடுக்கவில்லை.

இரண்டாவது, அளவு. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று வரைந்த புருவம், பூசிய வெள்ளை, ஊதிய கன்னம் எல்லாம் க்ளோசப்பில் ஆளையே மறைத்துவிடும். விரல் படபடப்பு மேடையில் ஓர் அடையாளம். திரையில் அது தொந்தரவு.

மூன்றாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது. வின்னின் கோமாளி பார்வையாளரிடம் பேசுகிறவன். கதைக்கு வெளியே நின்று கதையைக் கிண்டல் செய்கிறவன். அவனை ஓட்டலில் வேலை பார்க்கும், தற்செயலாக ரவுடிக் கும்பலுக்குத் தலைவனாகும் ஆளாகக் கதைக்குள் அடைத்தால் பேச ஆளில்லாமல் போகிறது. இருபது நிமிடத்துக்குச் செய்து பழகிய ஆள் எழுபது, எண்பது நிமிடக் கதையைச் சுமக்கிறார். கதை நகர வேண்டிய இடத்தில் அவர் நிற்கிறார், அவர் நிற்க வேண்டிய இடத்தில் கதை ஓடுகிறது.

1938இல் எம்ஜிஎம் ‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் மந்திரவாதி வேடத்தைத் தர முன்வந்தபோது, வேடம் சின்னது என்று மறுத்தார். ஃபிராங்க் மார்கன் நடித்தார். பின்னாளில் அவரைக் காப்பாற்றியவை எல்லாம் அந்த அளவுள்ள வேடங்களே.

தொலைக்காட்சி கொஞ்ச நாள் தாங்கியது. 1949 அக்டோபரில் சிபிஎஸ்ஸில் ‘தி எட் வின் ஷோ’ தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸில் நேரடியாக நடத்தி, திரையில் தெரிவதைப் படச்சுருளில் பிடித்துக் கிழக்குக் கரைக்கு அனுப்பினார்கள். அந்தச் சுருளுக்குக் கினெஸ்கோப் என்று பெயர். தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் இரண்டு வந்தன. கூட்டம் எதிரே இருந்தது, கருவிகள் இருந்தன, பழைய வேடம் இருந்தது. ஆனால் வானொலியைப் போலவே தொலைக்காட்சியும் சரக்கைத் தின்றது, இம்முறை கண்ணுக்கும் சேர்த்துப் புதிது கேட்டது. 1952க்குப் பிறகு அழைப்புகள் குறைந்தன. பேலஸ் அரங்கம் 1932லேயே சினிமாக் கொட்டகையாகிவிட்டது. திரும்பிப் போக மேடையும் இல்லை.

1956

மகன் கீனன் வின் அப்போது திரையில் நிலைபெற்ற குணச்சித்திர நடிகர். கோமாளி வேடத்தை விட்டுவிட்டு நாடக வேடங்களுக்கு வரும்படி அப்பாவை வற்புறுத்தியவர் அவரே. முதல் வாய்ப்பு ஹோசே ஃபெரர் இயக்கி நடித்த ‘தி கிரேட் மேன்’. இறந்துபோன வானொலி நட்சத்திரத்தைப் பற்றி அஞ்சலி நிகழ்ச்சி தயாரிக்கப் புறப்படும் செய்தியாளன், அந்த ஆளின் அசிங்கங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும் கதை. அந்த நட்சத்திரத்துக்கு முதலில் வேலை கொடுத்த, சிற்றூர் வானொலி நிலையத்தின் பக்திமான் உரிமையாளராக வின் வருகிறார். கிட்டத்தட்ட ஒரே காட்சி. உட்கார்ந்து பேசுகிறார். தொப்பி இல்லை, கருவி இல்லை. அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் படம் அவரைத் தேடுவதில்லை. வாட்வில்லில் ஒரு உருப்படி என்ன அளவோ, அதே அளவு: வந்து, இடத்தைப் பிடித்து, முடித்து, போய்விடலாம். கதையைச் சுமக்கும் வேலை அடுத்தவருக்கு.

அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று ‘பிளேஹவுஸ் 90’ தொலைக்காட்சித் தொடரில் ‘ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்’ ஒளிபரப்பானது. ராட் செர்லிங் எழுதி, ரால்ஃப் நெல்சன் இயக்கிய தொண்ணூறு நிமிட நேரடி நாடகம். ஜாக் பாலன்ஸ் ஓய்ந்துபோன குத்துச்சண்டை வீரர், கீனன் அவருடைய மேலாளர், எட் வின் ‘ஆர்மி’ என்ற உதவியாளர், அதாவது சுற்றுக்குச் சுற்று காயத்துக்கு மருந்து போடுபவர்.

ஒத்திகை நரகமாக இருந்தது. வசனம் மறந்தார், மறந்த இடத்தில் பழைய ஜோக்கை எடுத்துவிட்டார். செர்லிங்குக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆளை மாற்றலாமா என்ற பேச்சு வந்து, கடைசியில் நெட் கிளாஸ் என்ற நடிகரை ரகசியமாக அந்த வேடத்துக்குத் தயாராக வைத்தார்கள். வயதை மட்டும் காரணம் சொன்னால் பாதிதான் சரி. வாட்வில் நடிகர் தன் வசனத்தின் முதலாளி. அன்றைய கூட்டத்தைப் பார்த்து ஒரு சொல்லை மாற்றுவார், ஒரு வரியைத் தள்ளுவார், யாருக்கும் நட்டமில்லை. நேரடி நாடகத்தில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் வேறு இருவருக்குச் சமிக்ஞை: எதிரே நிற்கும் நடிகருக்கு, அவர் அப்போதுதான் வாய் திறக்க வேண்டும், கட்டுப்பாட்டு அறையிலிருக்கும் இயக்குநருக்கு, அவர் அப்போதுதான் அடுத்த கேமராவுக்குத் தாவ வேண்டும். கடைசிச் சொல்லை வின் மாற்றினால் எதிராளி நட்டாற்றில் நிற்பார், கேமரா பேசாத முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மறுபடி எடுக்க வழியில்லை. அறுபத்தொன்பது வயதில் ஒருவர் வேறு தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தார் என்பதுதான் நிஜம்.

ஒளிபரப்பில் வின் கரை சேர்ந்தார். இந்தப் பின்னணிக் கதையையே நெல்சன் 1960இல் ‘தி மேன் இன் த ஃபன்னி சூட்’ என்ற தொலைக்காட்சி நாடகமாக எழுதி இயக்கினார். எட், கீனன், செர்லிங் எல்லோரும் தங்களாகவே நடித்தார்கள்.

அந்த இரவில் அவருக்குக் கைகொடுத்தது எது என்றால், எங்கள் கணிப்பில், மேடையில் சிரிப்புக்காக விட்ட அதே இடைவெளி. ஒரு வரி சொல்வார், சிறிது நிற்பார், விரல்கள் லேசாக அசையும், கண் எதிராளியின் முகத்தில் எதையோ தேடும், பிறகு அடுத்த வரி. இருபது வருடம் முன்பு அந்த இடத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்திருக்கும். இப்போது வேடம் சிரிப்பைக் கேட்கவில்லை, அதனால் அந்த இடம் காலியாக இருக்கிறது. பார்ப்பவர் அதைத் தானாக நிரப்பிக்கொள்கிறார்: இந்தக் கிழவர் தயங்குகிறார், பயப்படுகிறார், சொல்லக் கூடாததை விழுங்குகிறார் என்று. 1930இல் செத்த நேரமாகத் தெரிந்தது 1956இல் சிந்தனையாகத் தெரிந்தது. உயர்ந்த, நடுங்கும் அந்தக் குரலும் அப்படியே: கோமாளி உடையோடு கேட்டால் வேடிக்கை, சாதாரணச் சட்டையோடு கேட்டால் பலவீனம். தன் தொழிலில் அவர் மாற்றிக்கொண்டது மிகக் குறைவு.

ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் 1959இல் எடுத்த ‘தி டைரி ஆஃப் ஆன் ஃபிராங்க்’ இதை இன்னும் கசப்பாகப் பயன்படுத்தியது. நாஜிகளுக்குப் பயந்து யூதர்கள் ஒளிந்திருக்கும் மறைவிடத்துக்கு எட்டாவது ஆளாக வந்து சேரும் பல் மருத்துவர் டுஸல். அங்கே யாருக்கும் அவரைப் பிடிக்காது; சிடுசிடுப்பு, பூனை ஒவ்வாமை, பயம். வின்னின் படபடப்பு இங்கே எரிச்சலூட்டும் குணமாகிறது. அன்பை யாசிக்காமல் நடித்திருக்கிறார், மேடைக் கோமாளிக்கு அதுதான் மிகக் கடினம். ஆஸ்கர் பரிந்துரை இதற்குத்தான். விருது ‘பென்-ஹர்’ படத்துக்காக ஹியூ கிரிஃபித்துக்குப் போனது. ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்: நிஜத்தில் அந்த மனிதரின் பெயர் ஃபிரிட்ஸ் ஃபெஃபர். மறைவிடத்துக்குப் போனபோது அவருக்கு வயது 53, படத்தில் நடித்தபோது வின்னுக்கு இருந்த வயதைவிட ஏறக்குறைய இருபது வருடம் குறைவு. தன் மதத்தை நன்றாக அறிந்து கடைப்பிடித்தவர். படத்துக்கு மூலமான மேடை நாடகமும் படமும் அவரை எதுவும் தெரியாதவராகக் காட்டியது அவருடைய துணைவியைப் புண்படுத்தியது. நடிப்பு நன்றாக இருப்பதும் சித்திரிப்பு தவறாக இருப்பதும் ஒரே படத்தில் சாத்தியம்.

இந்த வெற்றிக்கு நடுவிலேயே என்பிசி 1958இல் அவரை நாயகனாக்கி ஒரு வாராந்திரத் தொடர் எடுத்தது. ஒரு பருவம்கூட முழுசாகத் தாங்கவில்லை. மறுபடியும் கதை முழுவதையும் அவர் தோளில் ஏற்றினார்கள், மறுபடியும் அதே முடிவு.

செர்லிங் தன் ‘ட்வைலைட் ஸோன்’ தொலைக்காட்சித் தொடரில் 1959 அக்டோபரில் ஒளிபரப்பான இரண்டாவது அத்தியாயத்தை வின்னுக்காக எழுதினார். தெருவில் சாமான் விற்கும் கிழவர், ஒரு சிறுமியின் உயிரைக் காப்பாற்ற, நள்ளிரவு தாண்டும்வரை மரணதேவனைத் தன் விற்பனைப் பேச்சால் கட்டிப்போடுகிறார். அருமையான கதை, ஆனால் உச்சக்கட்டம் இடறுகிறது. தெரு வியாபாரியின் பேச்சு மூச்சு விடாமல் பொரிய வேண்டும்; எதிராளிக்கு யோசிக்க நேரம் தரக் கூடாது. வின்னின் பலமோ நிறுத்தி நிறுத்திப் பேசுவது. நள்ளிரவுக் காட்சியில் அவர் வேகமெடுக்கத் திணறுவது தெரிகிறது, எதிரே மரணதேவனாக வரும் மரே ஹாமில்டன் வியர்த்து வழிந்து அதைச் சரிக்கட்டுகிறார். அதே அத்தியாயத்தில் சிறுமியோடு படிக்கட்டில் பேசும் அமைதியான இடங்கள் எவ்வளவு இயல்பாக வருகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டிஸ்னி நிறுவனம் அவரை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. 1951இலேயே ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ படத்தில் கிறுக்குத் தொப்பிக்காரனுக்குக் குரல் கொடுத்திருந்தார்; தொப்பிக்காரர் மகனுக்குக் கிடைத்த வேடம். 1961இல் ‘தி ஆப்சென்ட்-மைண்டட் புரொஃபசர்’ படத்தில் சில நிமிடம் தீயணைப்புத் தலைவராக வந்தார், பழைய வானொலி ரசிகர்களுக்கு ஒரு கண்ணடிப்பு. 1964இல் ‘மேரி பாப்பின்ஸ்’. சிரிப்பு தாங்காமல் அறையின் உத்தரத்துக்கே மிதந்துபோகும் ஆல்பர்ட் மாமா. பத்து நிமிடத்துக்குள் முடியும் காட்சி. நடிகர்களைக் கம்பியில் தொங்கவிட்டு எடுத்தார்கள், வின்னுக்கு வயது 76. அங்கே வரும் ஜோக் வாட்வில் காலத்துப் பழசு. ஸ்மித் என்று பெயருள்ள மரக்கால் வைத்த ஆளைத் தெரியும் என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, அவருடைய இன்னொரு காலுக்கு என்ன பெயர் என்று வின் கேட்கிறார். கேள்வியை வேடிக்கையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்கிறார். ஜோக் நிற்பது அந்த ஆவலில். கீழே இறங்க வேண்டுமானால் சோகமானதை நினைக்க வேண்டும் என்பது அந்தக் காட்சியின் விதி; சிரித்துக்கொண்டிருந்த முகம் ஒரே மூச்சில் அழுகைக்குப் போகிறது.

தொண்டைப் புற்றுநோயால் 1966 ஜூன் 19 அன்று வின் இறந்தார். கடைசிப் படம் ‘தி நோம்-மொபில்’ அடுத்த ஆண்டு வந்தது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க விரும்பினால் வயது வரிசையில் போக வேண்டாம். முதலில் 1949–50 தொலைக்காட்சி நிகழ்ச்சியின் கினெஸ்கோப் ஒன்றைப் பாருங்கள். கூட்டம் சிரிக்கும் நேரத்தில் அவருடைய கைகளை மட்டும் கவனியுங்கள், எத்தனை நொடி, எந்த விரல் என்று. அடுத்து ‘ரெக்வியம்’ கினெஸ்கோப்பில் கீனனோடு அவர் பேசும் காட்சிகளை ஒலியைக் குறைத்துவிட்டு ஓடவிடுங்கள். கைகள் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும், பாதி அளவில். ‘ஃபாலோ த லீடர்’ கிடைத்தால் கடைசியில் பார்க்கலாம். கிடைக்காவிட்டாலும் பெரிய நட்டமில்லை.